துயருறும் வீட்டின் கதவைத் தட்டுவோம்



நவம்பர் மாதம் இறந்தோருக்காக நாம் சிறப்பாகச் செபிக்கும் மாதம். இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளன்று கல்லறைகளைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, பூமாலை சாத்தி, மெழுகுதிரி ஏற்றுகிறோம். அருள்பணியாளர் கல்லறைகளை மந்திரிக்கும்போது குடும்பத்தோடு நின்று செபிக்கிறோம். மாதம் முழுவதும் நிறைவேற்றப்படும் திருப்பலிகளில் நினைவுகூர, இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுக்கிறோம். முதுமையில் இறந்தவர், நோயில் இறந்தவர், விபத்தில் இறந்தவர் என்று எல்லாரும் அந்தப் பட்டியலில் இடம்பெறுகிறார்கள். ஆனால் சில வீடுகளில் ஒரு பெயரை எழுதும்போது மட்டும் கை தயங்குகிறது. ‘இந்தப் பெயரைக் கோவிலில் வாசிக்கலாமா? வாசித்தால் ஊர் என்ன பேசும்?’ என்ற கேள்வி எழுகிறது. தற்கொலையால் இறந்துபோன ஒரு மகனின், மகளின், கணவனின், மனைவியின் பெயர் அது.

அத்தகைய குடும்பங்களை மனத்தில் கொண்டு இன்று சிந்திப்போம். தற்கொலையைத் தடுப்பது பற்றி ஆய்வுகள் என்ன சொல்கின்றன? தற்கொலையால் ஒருவரை இழந்தவர்களின் துயரம் எத்தகையது? ஒரு பங்குச் சமூகமாக நாம் என்ன செய்ய முடியும்? பேசுவதற்குக் கடினமான பொருள்தான் இது. ஆயினும் நம் வீடுகளுக்கும் நம் தெருக்களுக்கும் மிக அருகில் இருக்கும் பொருள்.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2021-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 7 இலட்சத்து 27 ஆயிரம் பேர் தற்கொலையால் இறந்தனர். 15 முதல் 29 வயதுக்குட்பட்டோரின் இறப்புக்கான காரணங்களில் அது மூன்றாம் இடத்தில் இருக்கிறது. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் 1,70,924 பேர் இவ்வாறு இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது. அவர்களில் 19,834 பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். அதாவது, நம் மாநிலத்தில் மட்டும் ஒவ்வொரு நாளும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர். இறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் தினக்கூலித் தொழிலாளிகள். குடும்பப் பிரச்சினைகளும் நோயும் முதன்மைக் காரணங்களாகப் பதிவாகியுள்ளன. ஐம்பது பேர் என்றால் ஐம்பது வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் இன்று ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது.

திருஅவை என்ன சொல்கிறது?

முதலில் பலருடைய மனத்தை வாட்டும் ஒரு கேள்விக்குப் பதில் காண்போம். தற்கொலையால் இறந்தவருக்குத் திருப்பலி உண்டா? கிறிஸ்தவ அடக்கம் உண்டா? அவருடைய ஆன்மா என்ன ஆகும்?

ஒரு காலத்தில் இருந்த சட்டத்தைத்தான் நம் பெரியவர்கள் பலர் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1917-ஆம் ஆண்டின் திருஅவைச் சட்டத் தொகுப்பு, தெளிந்த மனத்தோடு, வேண்டுமென்றே தம் உயிரை மாய்த்துக்கொண்டவர்களுக்குத் திருஅவையின் அடக்கச் சடங்கை மறுத்தது. 1983-ஆம் ஆண்டில் வெளியான புதிய சட்டத் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. அடக்கச் சடங்கு மறுக்கப்பட வேண்டியவர்கள் யார் என்று கூறும் பிரிவில் தற்கொலையால் இறந்தவர்கள் சேர்க்கப்படவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும், பழைய சட்டத்தின் நிழல் மட்டும் நம் ஊர்களைவிட்டு இன்னும் முழுதாக நீங்கவில்லை.

1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி நூல் இதனை மேலும் விளக்குகிறது. உயிர் கடவுளின் கொடை. அதற்கு நாம் உரிமையாளர்கள் அல்லர், பொறுப்பாளர்கள் மட்டுமே என்று அது உறுதியாகப் போதிக்கிறது. அதே பகுதியில், கடுமையான மனநலப் பாதிப்பும், தாங்கமுடியாத வேதனையும், துன்பத்தைக் குறித்த பேரச்சமும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும் சொல்கிறது. இவ்வாறு இறந்தோரின் மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கக் கூடாது. கடவுள் தமக்கு மட்டுமே தெரிந்த வழிகளில் அவர்களுக்கு மனம்திரும்பும் வாய்ப்பை அருள முடியும். திருஅவை அவர்களுக்காகச் செபிக்கிறது என்றும் போதிக்கிறது (எண்கள் 2280-2283).

ஆர்ஸ் நகரின் பங்குப் பணியாளரான புனித ஜான் மரிய வியான்னி பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் ஒரு நிகழ்வு உண்டு. கணவனைத் தற்கொலையால் இழந்து, அவர் நரகத்திற்குப் போய்விட்டார் என்று கலங்கி நின்ற ஒரு பெண்ணிடம், கணவர் இறப்பதற்கு முந்தைய அந்த நொடிப்பொழுதிலும் இறைவனிடம் மன்னிப்பு வேண்ட நேரம் இருந்தது என்று கூறி அவர் தேற்றினாராம். நாம் நொடி என்று எண்ணும் நேரத்திற்குள் இறைவனின் இரக்கம் எவ்வளவு செய்யும் என்பதை யார் அளக்க முடியும்?

ஆகவே, தயங்கும் குடும்பத்தினருக்கு நாம் சொல்ல வேண்டியது இதுதான்: அந்தப் பெயரை எழுதிக் கொடுங்கள். அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுங்கள். அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

கடந்துபோகும் புயல்

தற்கொலை எண்ணம் வந்தவர் எப்படியும் இறந்துவிடுவார், தடுத்துப் பயனில்லை என்ற கருத்து நம்மிடையே உண்டு. ஆய்வுகள் இதற்கு நேர்மாறானதைக் காட்டுகின்றன.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று கடைசி நேரத்தில் தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரின் பிந்தைய வாழ்வை ரிச்சர்ட் சைடன் என்ற பேராசிரியர் ஆராய்ந்து 1978-இல் வெளியிட்டார். தடுக்கப்பட்டுப் பல ஆண்டுகள் கடந்த பிறகும், அவர்களில் ஏறத்தாழ 94 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள், அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். சாவைத் தேடிய அந்த வேகம் ஒரு புயலைப் போல வந்து, பெரும்பாலானவர்களிடமிருந்து கடந்துபோயிருந்தது. அந்தப் புயல் வீசும் நேரத்தில் ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தியதால் அவர்கள் பிழைத்தார்கள்.

இதே உண்மையை நம் அண்டை நாடான இலங்கை ஒரு நாடாகவே எண்பித்திருக்கிறது. 1990-களின் நடுவில் உலகிலேயே மிக அதிகமான தற்கொலை விகிதம் கொண்ட நாடுகளில் ஒன்றாக இலங்கை இருந்தது. மிகக் கொடிய நச்சுத்தன்மை கொண்ட பூச்சிமருந்துகளை அரசு படிப்படியாகத் தடைசெய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. இத்தடைகளால் 1995 முதல் 2015 வரை சுமார் 93 ஆயிரம் உயிர்கள் காக்கப்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். தடையால் பயிர் விளைச்சல் குறையவும் இல்லை. மனிதரின் துன்பங்கள் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஆனால் துன்பம் உச்சத்தில் இருந்த அந்த வேளையில் கைக்கெட்டும் தூரத்தில் சாவு இல்லை.

நம் கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோவில் பகுதியிலும் இப்படி ஒரு முயற்சி நடந்தது. இரண்டு சிற்றூர்களில் உழவர்கள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், பொதுவான ஓரிடத்தில், வங்கிப் பெட்டகம் போன்ற பூட்டுள்ள பெட்டிகளில் வைக்க ஏற்பாடு செய்யப்பட்டது. இந்த வசதி இல்லாத வேறு இரு ஊர்களோடு ஒப்பிட்டபோது, வசதி செய்யப்பட்ட ஊர்களில் தற்கொலைகளும் தற்கொலை முயற்சிகளும் கூடுதலாகக் குறைந்திருந்தன. ஆய்வு முடிவுகள் 2013-இல் வெளியாயின. நம் வீடுகளிலும் இதனைச் செய்யலாம். ஒருவர் மனமுடைந்து இருக்கும் வீட்டில் பூச்சிமருந்தும், தேவைக்கு அதிகமான மாத்திரைகளும் பூட்டுக்குள் இருக்கட்டும். அல்லது சில காலம் உறவினர் வீட்டில் இருக்கட்டும். அவரைச் சந்தேகிப்பதாக இதற்குப் பொருள் இல்லை. குழந்தை தவழும் வீட்டில் கிணற்றுக்கு மூடி போடுவது போன்ற ஒரு பாதுகாப்பு இது.

தேர்வில் தோற்ற மாணவர்களுக்குத் தமிழ்நாட்டில் நடத்தப்படும் உடனடித் துணைத் தேர்வையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். தோற்றுவிட்டால் ஓராண்டு வீணாகும் என்ற நிலை மாறி, சில வாரங்களில் மீண்டும் எழுதி அதே ஆண்டில் மேற்படிப்பில் சேரலாம் என்ற வழி பிறந்தது. எல்லாக் கதவும் அடைத்துவிட்டது என்று நினைக்கும் பிள்ளைக்கு ஒரு கதவாவது திறந்திருக்க வேண்டும் என்பதுதான் இதன் உட்கருத்து.

கேட்டால் எண்ணம் தோன்றிவிடுமா?

“அதைப் பற்றிக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே உண்டாக்கிவிடுவோமே” என்று அஞ்சுகிறவர்கள் பலர். பெற்றோரும் ஆசிரியரும் அருள்சகோதரிகளும்கூட இப்படித் தயங்குவதுண்டு. இதைக் குறித்து 2001 முதல் 2013 வரை வெளிவந்த 13 ஆய்வுகளை ஒருசேரப் பரிசீலித்த அறிஞர்கள், தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை என்று கண்டறிந்தார்கள். கேட்கப்பட்டவர்களுக்கு அது ஆறுதலாக அமையவும் வாய்ப்புண்டு. பல நாள் நெஞ்சில் சுமந்த பாரத்தை இறக்கி வைக்க ஓரிடம் கிடைக்கிறது.

யாரிடம் கேட்பது? ‘நான் யாருக்கும் பாரமாக இருக்க விரும்பவில்லை’, ‘நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நல்லது’ என்று பேசுகிறவரிடம். ஆசையாக வைத்திருந்த பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிட்டு விடைபெறுவதுபோல் நடந்துகொள்பவரிடம். உறக்கமும் உணவும் மறந்து, ஒதுங்கிப்போய், குடி மிகுந்துபோனவரிடம். முன்பு ஒருமுறை முயன்று பிழைத்தவரிடம் கூடுதல் கவனம் தேவை. ‘சாகிறவன் சொல்லிக்கொண்டிருக்க மாட்டான்’ என்று நம் ஊரில் சொல்வார்கள். அது உண்மை அன்று. சொல்கிறவரின் சொல்லை ஒவ்வொரு முறையும் உண்மையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எப்படிக் கேட்பது? தனிமையில், அவசரமின்றி, நேரடியாகக் கேட்கலாம். “தம்பி, ரொம்ப நாளா முகமே சரியில்ல. செத்துப்போயிடலாம்னு ஏதாவது நினைப்பு வருதா?” என்று கேட்கலாம். “அக்கா, உங்க மனசுல இருக்கறத எங்கிட்ட சொல்லுங்க, நான் யார்கிட்டயும் புறம் பேச மாட்டேன்” என்று சொல்லலாம். ஆம் என்று பதில் வந்தால் அதிர்ச்சியைக் காட்டவோ, பாவம் என்று கண்டிக்கவோ, பிள்ளைகளை நினைத்துப் பார்த்தாயா என்று அதட்டவோ வேண்டாம். சொல்ல விடுங்கள்; கேளுங்கள். அவரைத் தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். புறம் பேசக் கூடாது என்பதற்காக, உயிருக்கு ஆபத்து இருப்பதை மறைத்து வைக்கவும் வேண்டாம். நம்பிக்கைக்குரிய ஒருவரை உதவிக்குச் சேர்த்துக்கொள்ளப் போவதை அவரிடமே சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

திருத்தூதர் பணிகள் நூலின் 16-ஆம் அதிகாரம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறது. பிலிப்பி நகரில் பவுலும் சீலாவும் சிறையில் இருக்கிறார்கள். நள்ளிரவில் நிலநடுக்கம் ஏற்பட்டுக் கதவுகள் எல்லாம் திறந்துகொள்கின்றன. விழித்தெழுந்த சிறைக்காவலர், கைதிகள் தப்பிவிட்டார்கள் என்று எண்ணி, வாளை உருவித் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முற்படுகிறார். அவமானமும் தண்டனையும் காத்திருக்கின்றன, இனி வழியே இல்லை என்பது அவருடைய எண்ணம். அப்போது பவுல் உரத்த குரல் எழுப்பி, உமக்கே தீங்கு செய்துகொள்ள வேண்டாம் என்று தடுக்கிறார். தாங்கள் அனைவரும் அங்கேயே இருப்பதாகச் சொல்கிறார். காவலர் உடனே விளக்கைக் கொண்டுவரச் சொல்கிறார். விடிவதற்குள் அவருடைய வீட்டில் எல்லாரும் ஒன்றாக அமர்ந்து உணவருந்துகிறார்கள். பவுல் அந்த நேரத்தில் நீண்ட போதனை எதுவும் செய்யவில்லை. இருட்டில் நின்ற ஒருவருக்கு, நீர் தனியாக இல்லை என்பதைத் தெரிவித்தார். போதனை பிறகு வந்தது.

தொடர்ந்து விசாரிப்பதன் வலிமை

‘நாங்கள் இருக்கிறோம்’ என்று ஒருமுறை சொன்னால் போதுமா? மீண்டும் மீண்டும் சொல்ல வேண்டும் என்கின்றன ஆய்வுகள்.

உலக நலவாழ்வு நிறுவனம் நம் சென்னை, இலங்கையின் கொழும்பு, பிரேசில், ஈரான், சீனா ஆகிய நாடுகளின் நகரங்கள் என ஐந்து இடங்களில் ஓர் ஆய்வை நடத்தியது. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேர் அதில் இருந்தார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் தரப்பட்டது. மற்றவர்களுக்குச் சிகிச்சையோடு ஒரு மணி நேரம் அமர்ந்து பேசி விளக்கம் தரப்பட்டது. பிறகு பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை, தொலைபேசியிலோ நேரிலோ, நலமா என்று விசாரிக்கப்பட்டது. அவ்வளவுதான். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 விழுக்காட்டினர் பின்னர் தற்கொலையால் இறந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களிடையே அது 0.2 விழுக்காடாக இருந்தது. 2008-இல் இம்முடிவுகள் வெளியாயின.

இதற்கும் முன்பே, அமெரிக்க மனநல மருத்துவர் ஜெரோம் மோட்டோ இன்னும் எளிய ஒன்றைச் செய்து பார்த்தார். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிறகு தொடர்சிகிச்சை வேண்டாம் என்று மறுத்தவர்களில் ஒரு பகுதியினருக்கு ஐந்து ஆண்டுகள் சிறு சிறு கடிதங்கள் எழுதினார். உங்கள் நினைவு எங்களுக்கு இருக்கிறது, நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம் என்ற அளவில் ஓரிரு வரிகள்தான். எந்தக் கேள்வியும் இல்லை, எந்த நிபந்தனையும் இல்லை. கடிதம் பெறாதவர்களைவிடப் பெற்றவர்களிடையே, குறிப்பாக முதல் இரண்டு ஆண்டுகளில், தற்கொலை இறப்புகள் குறைவாக இருந்தன.

ஒன்பது விசாரிப்புகளும் ஓரிரு வரிக் கடிதங்களும் செய்ததை நம் அன்பியங்களால் செய்ய முடியாதா? மரியாயின் சேனை உறுப்பினர்கள் வாரந்தோறும் வீடு சந்திக்கிறார்கள். வின்சென்ட் தே பவுல் சபையினர் ஏழைக் குடும்பங்களைத் தேடிச் செல்கிறார்கள். கடனிலும், குடியிலும், தீராத நோயிலும், தேர்வுத் தோல்வியிலும் துவண்டிருக்கும் வீடுகள் எவை என்பது நம் அன்பியங்களுக்குத் தெரியும். மருத்துவமனையிலிருந்து திரும்பியவரை முதல் வாரம் பார்த்துவிட்டு மறந்துவிடாமல், மாதம் ஒருமுறை ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு பிறந்தநாள் வாழ்த்து, ‘சாப்பிட்டீங்களா?’ என்ற ஒரு விசாரிப்பு என்று தொடர்ந்தாலே போதும்.

வாழ்வை வெறுத்துச் சூரைச்செடியின் அடியில் படுத்துச் சாவை வேண்டிய இறைவாக்கினர் எலியாவைக் கடவுள் எப்படி நடத்தினார் என்பதை அரசர்கள் முதல் நூல் 19-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவரைக் கடிந்துகொள்ளவில்லை. வானதூதர் வந்து தட்டி எழுப்பினார், அப்பமும் நீரும் தந்தார், உறங்க விட்டார், மறுபடியும் வந்து உண்ணச் சொன்னார். தூதர் இரண்டாம் முறையும் வந்தார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

விட்டுச் செல்லப்பட்டவர்கள்

இத்தனை வழிகள் இருந்தும் சிலரைக் காப்பாற்ற முடியாமல் போகிறது. அவர்களை இழந்த குடும்பத்தினரில் சிலர், மேலே சொன்ன செய்திகளை வாசிக்கும்போதே, ‘அப்படியானால் நான்தான் தவறவிட்டேனா?’ என்று நெஞ்சில் அடித்துக்கொள்ளக்கூடும். அவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். தற்கொலை ஒரே காரணத்தால் நிகழ்வதில்லை. மனநோய், உடல்வலி, கடன், அவமானம், குடி, தனிமை எனப் பல சுமைகள் ஒன்றுசேரும்போது நிகழ்கிறது. கடைசியாக நடந்த ஒரு சண்டையோ, எடுக்காமல் விட்ட ஓர் அழைப்போ அதற்கு முழுக் காரணம் ஆகாது. முடிந்த பிறகு பார்க்கும்போது தெளிவாகத் தெரியும் அறிகுறிகள், நடக்கும்போது அப்படித் தெரிவதில்லை. அன்பு குறைவாக இருந்ததால் அவர் போகவில்லை. அவருடைய வேதனை, அந்த நேரத்தில், அன்பையும் பார்க்கவிடாமல் மறைத்துவிட்டது.

எல்லா இறப்பும் துயரம்தான். ஆனால் இந்தத் துயரத்தில் வேறு பல உணர்வுகளும் கலந்துவிடுகின்றன. ‘ஏன்?’ என்ற கேள்வி பதிலின்றித் தொடர்கிறது. குற்ற உணர்வு வருகிறது. இப்படி விட்டுவிட்டுப் போய்விட்டாரே என்று இறந்தவர் மீதே கோபம் வருகிறது. கோபப்பட்டதற்காக மீண்டும் குற்ற உணர்வு வருகிறது. நெடுங்கால மனநோயில் துன்புற்றவர் இறந்திருந்தால், அவருடைய வேதனை முடிந்ததே என்ற சிறு நிம்மதியும், அதற்காக வெட்கமும் வரலாம். இவற்றோடு காவல் நிலையம், பிணக்கூறாய்வு, உறவினர்களின் குற்றச்சாட்டு, செய்தித்தாள் என்று மேலும் மேலும் காயங்கள். இவை அனைத்தும் இயல்பானவை என்றும், பிறரும் இவற்றைக் கடந்து வந்திருக்கிறார்கள் என்றும் அறிவதே பெரிய ஆறுதல்.

இந்தத் துயரம் ஆபத்தானதும்கூட. உறவினர் அல்லது நண்பரைத் திடீரென இழந்த 3,432 இளையோரிடம் பிரித்தானியாவில் நடத்தப்பட்ட ஆய்வு 2016-இல் வெளியானது. இயற்கைக் காரணத்தால் திடீரென இறந்தவரை இழந்தவர்களைவிட, தற்கொலையால் இழந்தவர்களிடம் தற்கொலை முயற்சிக்கான வாய்ப்பு 65 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இரத்த உறவுக்கும் நட்புக்கும் இதில் வேறுபாடு காணப்படவில்லை. எனவே ஒரு கல்லூரியில் ஒரு மாணவர் இறந்தால், அவருடைய தோழர்களையும் துயருறும் குடும்பமாகவே நாம் கருத வேண்டும். இவர்களைத் தேற்றுவதும் தற்கொலைத் தடுப்பே என்று வல்லுநர்கள் வலியுறுத்துகிறார்கள்.

அமெரிக்காவில் தம் தந்தையைத் தற்கொலையால் இழந்த ஹாரி ரீட் என்ற செனட் உறுப்பினர் கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாக, 1999 முதல் நவம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை இத்தகைய குடும்பங்களுக்கான நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. இன்று பல நாடுகளில் அந்நாளில் இக்குடும்பத்தினர் ஒன்றுகூடுகிறார்கள். நம் கல்லறைத் திருநாள் மாதத்திலேயே அந்நாளும் அமைந்திருப்பது நமக்கு ஓர் அழைப்பு.

அவர்களுக்கு நாம் என்ன செய்யலாம்? யோபுவின் நண்பர்களிடமிருந்து கற்றுக்கொள்ளலாம். அவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். அவருடைய துயரத்தின் மிகுதியைக் கண்டு, ஏழு பகலும் ஏழு இரவும் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். அதுவரை எல்லாம் நன்றாக இருந்தது. அதன்பின் காரணம் சொல்லவும் குற்றம் காணவும் தொடங்கினார்கள். அவருடைய காயத்தைப் பெரிதாக்கினார்கள்.

முதலில், அந்த வீட்டுக்குச் செல்லுங்கள். மற்ற சாவு வீட்டுக்கு எப்படிச் செல்வீர்களோ அப்படியே செல்லுங்கள், சாப்பாடு கொண்டுபோங்கள், செபமாலை சொல்லுங்கள். எப்படி நடந்தது, கடிதம் எழுதி வைத்தாரா என்று துருவ வேண்டாம். ‘பெத்தவங்க கவனிச்சிருக்கணும்’, ‘மருமகள் வந்த நேரம்’ என்ற பேச்சு நம் வாயிலிருந்து வரவே வேண்டாம். இறந்தவரின் பெயரைச் சொல்லத் தயங்காதீர்கள். அவர் பாடற்குழுவில் பாடியதையும், குடில் கட்ட ஓடி வந்ததையும், தங்கையிடம் வைத்திருந்த பாசத்தையும் பேசுங்கள். அவருடைய வாழ்வு முழுவதையும் அந்தக் கடைசி நாளோடு சுருக்கிவிடாதீர்கள்.

முப்பதாம் நாள் திருப்பலியோடு நம் சந்திப்புகள் நின்றுவிடாதிருக்கட்டும். கூட்டம் கலைந்த பிறகுதான் வெறுமை தொடங்குகிறது. முதல் கிறிஸ்து பிறப்பு விழா, இறந்தவரின் பிறந்தநாள், ஓராண்டு நினைவு ஆகியவை கடினமான நாள்கள். அவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால், அவர்களுடைய வயதுக்கேற்ற எளிய சொற்களில் உண்மையைச் சொல்லப் பெற்றோருக்கு உதவுங்கள். மறைத்தால், பள்ளியிலோ தெருவிலோ வேறொருவர் வாயிலிருந்து அவர்கள் கேட்க நேரிடும். ‘இது உன்னால் நடக்கவில்லை’ என்று குழந்தையிடம் தெளிவாகச் சொல்வதும் மிகத் தேவை.

உதவி கேட்பது வெட்கம் அன்று

தற்கொலைக்கு முயன்றால் காவல்துறை வழக்குப் போடும் என்ற அச்சத்தால் மருத்துவமனைக்குச் செல்லத் தயங்குவோர் உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும் என்றும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்றும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் கூறுகிறது. எனவே தயங்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இலண்டனில் 1953-ஆம் ஆண்டு, சாத் வரா என்ற ஆங்கிலிக்கன் அருள்பணியாளர், சாக நினைப்போர் யாரும் தம்மை அழைக்கலாம் என்று தம் ஆலயத்தின் தொலைபேசி எண்ணை அறிவித்தார். அவர் முதன்முதலாக நடத்திய அடக்கச் சடங்கே, தற்கொலையால் இறந்த 14 வயதுச் சிறுமியுடையது. தன் உடலில் நேர்ந்த இயல்பான மாற்றத்தை நோய் என்று அஞ்சி, கேட்க யாரும் இல்லாமல் அவள் இறந்திருந்தாள். அந்த அறிவிப்பிலிருந்து பிறந்ததே சமாரித்தன்ஸ் அமைப்பு. காத்திருப்போரிடம் தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்த எளிய தன்னார்வலர்களே பலருடைய மனத்தை ஆற்றிவிட்டார்கள் என்பதை அவர் விரைவில் கண்டுகொண்டார். நம் சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய சினேகா அமைப்பும் இவ்வாறே தன்னார்வலர்களால் நடத்தப்படுகிறது.

சினேகாவின் எண் 044-24640050. அரசின் ‘டெலி மானஸ்’ மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில், எந்த நேரத்திலும், கட்டணமின்றி, தமிழிலேயே அழைக்கலாம். தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது. இந்த எண்களை வீட்டில் நாட்காட்டியின் ஓரத்தில் எழுதி வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும், வீட்டில் ஒருவர் யாருக்கும் தெரியாமல் அதைப் பார்க்கக்கூடும்.

இதை வாசிக்கும் உங்களுக்கே அந்த எண்ணம் இருக்குமானால், இன்றே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். அம்மாவோ அண்ணனோ பங்குத்தந்தையோ முகம் தெரியாத ஒரு தன்னார்வலரோ, யாராக இருந்தாலும் சரி. இந்த வேதனை இப்படியே என்றும் இருக்கும் என்று இப்போது தோன்றலாம். அப்படித் தோன்றிய எத்தனையோ பேர் இன்று நம்மிடையே வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள்.

அன்பார்ந்தவர்களே, இந்த வாரம் நாம் ஒவ்வொருவரும் ஒரு வீட்டை நினைத்துப் பார்ப்போம். நெடுநாளாக யாரும் போகாத ஒரு வீடு, ஏதோ ஒரு பெயரைச் சொல்லத் தயங்கும் வீடு, மகன் அறையைவிட்டு வெளியே வராத வீடு. என்ன பேசுவது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. போய் உட்கார்ந்திருப்போம். இலாசரின் கல்லறை அருகே கண்ணீர்விட்ட ஆண்டவர் நமக்கு முன்பாகவே அந்த வீட்டுக்குச் சென்றிருக்கிறார். ஆமென்.